காட்பாடியில் ஒன்பது டெஸ்லா

வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
கத்திரி முடிய இன்னும் ஆறு நாள்.
உள்ளே, என் தோளுயர எஃகுக் குடுவையின் அடியில்,
தனிச்சுழிக்கு ஒன்றரை டிகிரி மேலே
செலினியம், டங்ஸ்டன், மறுபடி செலினியம்.
மூன்றே அணு உயரம்.

உரித்தவள் ஷஹீதா.
கடையில் விற்கும் அதே ஒட்டு டேப்.
ஒட்டிப் பிரித்து, ஒட்டிப் பிரித்து,
பேரணாம்பட்டு பஸ்ஸில் தூங்கும்போதும்
விரல்கள் அதையேதான் செய்கின்றனவாம்.
நூற்றுப்பதினாறு துண்டுகள் பார்த்தோம்.
தடித்தவை மஞ்சள், மெலிந்தவை நீலம்.
எங்களுக்கு வேண்டியதோ
வெள்ளை வேட்டியில் சிந்திக் காய்ந்த மோர்:
இருக்கிறதா இல்லையா என்று
இரண்டு பேர் சண்டை போடும் அளவுக்கு நிறம்.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று
எங்கள் ஊருக்கு ஒரு கேலி உண்டு.
தடிமன் இல்லாத தாள்,
அதையும் சேர்த்துக்கொள் என்றாள்.

ஹீலியம் பெங்களூரிலிருந்து.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் லாரி நின்றபோது
கொதித்துப் போனது போக எழுபத்தொரு லிட்டர்.
கொண்டுவந்த எபினேசர்
ஆஸ்பத்திரி ஸ்கேன் காந்தத்துக்கும் நிரப்புகிறவர்.
குடுவையைச் சுற்றி வந்து கேட்டார்:
"இதுல யாரைப் படுக்க வைப்பீங்க?"
"எலக்ட்ரானை."
"என்ன வியாதி?"
"சுத்துது."
"வெயிலுக்கு எனக்கும்தான்" என்று
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு டெஸ்லா. இரண்டு.
நேராக ஓடக் கிளம்பியது வளைகிறது.
மாலை ஆறு மணி கிரீன் சர்க்கிள் மாதிரி,
சித்தூர் லாரி, ஷேர் ஆட்டோ, கல்யாண வேன்,
எல்லாம் சுற்றில்.
ஆனால் அங்கே சந்து கிடைத்த இடத்தில் வண்டி நுழையும்.
இங்கே அது நடக்காது.
இந்தப் படி, இல்லையென்றால் அடுத்த படி.
இடையில் நிற்க எவருக்கும் அனுமதி இல்லை.
ஒன்பது டெஸ்லாவில் எட்டரை நானோமீட்டர்,
அவ்வளவுதான் ஓர் எலக்ட்ரானின் ஊர்.
விளிம்பில் இருப்பவை மட்டும்
எல்லையில் முட்டி, திரும்பி, மறுபடி முட்டி
அரைவட்டம் அரைவட்டமாய்
முன்னே போகின்றன.

இரண்டு நாற்பதுக்குத் திரையில் கோடு நெளிந்தது.
நம்பவில்லை.
ஜங்ஷனுக்குள் வண்டி நுழைந்தால் மேசை நடுங்கும்.
அதுவாக இருக்கும் என்று
இரண்டு ரயில்கள் போகும்வரை காத்திருந்தோம்.
ரயில்கள் போயின. நெளிவு போகவில்லை.

சமமாகவும் இல்லை அது;
புலம் ஏற ஏற அகன்றுகொண்டே போனது.
ஷஹீதா புலத்தைத் தலைகீழாக்கினாள்,
ஒன்றை அதனால் வகுத்து மறுபடி வரைந்தாள்.
சீப்பு.
ஒரு பல்கூடப் பிசகவில்லை.

பற்களுக்கு எண் போட்டோம்.
இருபது, பதினெட்டு, பதினாறு.
ஒற்றைப்படையைக் காணோம்.
கேட் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கினால்
பதினேழு, பதினைந்து.
இப்போது இரட்டைப்படை தலைமறைவு.

இந்தப் படிகத்துக்குள் இரண்டு பள்ளத்தாக்குகள்.
புலம் இல்லாதவரை ஒரே ஆழம்,
எது எது என்று கேட்கவே வழியில்லை.
புலம் வந்ததும் ஒன்று எழுகிறது, ஒன்று தாழ்கிறது;
எழுந்ததன் படிகள் தாழ்ந்ததன் படிகள் மேல்
எத்தனை தள்ளி வந்து பொருந்துகின்றனவோ
அதைப் பொறுத்தது, எந்த எண்கள் பேசும் என்பது.
காந்தத்தைத் திருப்பு,
எழுந்தது தாழும்.
திருப்பிப் பார்த்துவிடலாம் என்று எழுந்தேன்.

மணிக்கட்டில் தரையிணைப்புப் பட்டை இல்லை.
கம்பிமுனையை நான் தொட்டபோது
சத்தம்கூட வரவில்லை.
கோடு படுத்துவிட்டது.

ஷஹீதா எதுவும் சொல்லவில்லை.
மேசை இழுப்பறையைத் திறந்து
டேப்பின் முனையை நகத்தால் தேடினாள்.
நான் பதிவேட்டை எடுத்தேன்.
துண்டு எண்: நூற்றுப்பதினாறு.
நிலை: இறந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
நைலான் துப்பட்டா என்று எழுதி,
அடித்து,
என் பெயரை எழுதினேன்.

குடுவையில் இன்னும் பதினொரு லிட்டர்
கொதித்துக்கொண்டிருந்தது.