பதினோரு பதிவேடுகள்

ஜூலை முழுக்க எனக்கு இதுதான் வேலை:
மாலெஃபாவின் பதினோரு பதிவேடுகளை
ஒரு டேப்லெட்டுக்குள் இறக்கிவைப்பது.
வெளியே மலோட்டி மலைகளில் பனி.
உள்ளே பாரஃபின் அடுப்பு, இருமும் வரிசை,
சூரியத் தகட்டின் தயவில்
மூன்று மணிவரை மின்சாரம்.

முதல் ஏட்டில் எலி தின்றது போக
மார்ச்சிலிருந்துதான் மிச்சம்.
நான்காவதில், ஆற்றைக் கடக்கையில் நனைந்த மை
ஐந்து பிரசவங்களை ஒரே நீலமாக்கியிருந்தது.
காகிதத்தைக் கும்பிடுகிறவன் இல்லை நான்.
மாதக் கடைசியில் அவள்
கூட்டி, அடித்து, திரும்பக் கூட்டி
ஒரு மெழுகுவத்தியைத் தீர்ப்பாள்.
இனி ஒரு தொடுதல் போதும்.

பெயர். வயது. கருவுற்றது எத்தனை முறை. உயிரோடு எத்தனை.
கட்டம் கேட்க, ஏடு சொல்ல, விரல் போட
நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது
மொசெலாந்ட்ஜா வரும்வரை.

நாய்வால் என்று பொருள்.
பிறந்தது தங்காத வீட்டில்
அடுத்ததற்கு இப்படித்தான் பேர் வைப்போம்,
சாவு முகஞ்சுளித்துக்கொண்டு போகட்டுமென்று.
'முன்பு இறந்த குழந்தைகள்?' என்றது திரை.
அதைத்தானே மேலே எழுதினேன், என்றேன் திரையிடம்.
பிறகு 2 என்று அழுத்தினேன்.
கட்டம் பச்சையானது.

அதுகூடப் பரவாயில்லை. ஓரம்தான் சிக்கல்.
பக்கத்துக்குப் பக்கம், சிவப்புக் கோட்டுக்கு வெளியே
பென்சிலில், எறும்பு எழுத்தில்:
'கதவைத் தட்டாதே. பின் ஜன்னல்.'
'மாத்திரை சர்க்கரை டப்பாவில். மாமியாருக்குத் தெரியாது.'
'சுரங்கத்திலிருந்து அவன் வந்திருந்தால்
கொடியில் மஞ்சள் துணி. அன்று போகாதே.'
'இவளிடம் முதலில் ஆட்டைப் பற்றிக் கேள்.'
'படியில் விழுந்தேன் என்கிறாள்.
படியே இல்லாத வீடு.'

ஓரத்துக்கென்று கட்டம் கிடையாது.
'குறிப்புகள்' என்றொரு பெட்டி உண்டு,
நூற்றிருபது எழுத்து கொள்ளும்.
மஞ்சள் துணியை அதில் அடித்து முடித்தேன்.
சேமிக்கும் முன் ஏனோ அவளை அழைத்தேன்.

அவள் ஊரில் ஒரு பாறைமேல் மட்டும்தான் சிக்னல்.
மூன்றாம் முறை எடுத்தாள், காற்றோடு சேர்த்து.
விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்றிருந்தேன்.
'அதை எழுதாதே.'
'பயனுள்ள தகவல், அடுத்து வருகிறவருக்கு...'
'என் ஏடு சோளக் குதிருக்குள், பூட்டிய பெட்டியில்.
சாவி என் கழுத்தில்.
உன் பெட்டியின் சாவி எத்தனை பேர் கழுத்தில்?'
மாவட்ட அலுவலகம், மாசேரு,
அதற்கப்பால் எங்கோ ஒரு சர்வர் என்று
எண்ணத் தொடங்கினேன்.
எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தாள்,
பாறைமேல், அந்தப் பனியில்.
ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள்.
புது ஃபோனுக்குக் கையெழுத்துப் போட்டாள்.
தடுப்பூசி தவறியவர்களை அது சிவப்பில் காட்டுமென்றதும்
நின்ற இடத்திலேயே தேடி, மூன்று பேரைப் பிடித்து,
'இவள் போன மாதமே ஊர் மாறிவிட்டாள்' என்று
ஒரு சிவப்பைத் திருத்தினாள்,
என்னைவிட வேகமாக.
பிறகு கத்தரி கேட்டாள்.
கட்டுப் போடும் அறையிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன்.

பதினோரு ஏடுகளையும்
சிவப்புக் கோட்டின் மேலேயே,
பாவாடைத் துணி கிழிக்கும் கடைக்காரியின் நிதானத்தோடு வெட்டினாள்.
நாடா நாடாவாக விழுந்ததைச் சுருட்டி
மார்பில் கம்பளியைச் சேர்த்துக் குத்தியிருந்த
பெரிய ஊக்குக்கு உள்பக்கமாய்ச் செருகிக்கொண்டாள்.
இருமும் வரிசை பார்த்துக்கொண்டிருந்தது.
அதிலும் சிலர் அந்த ஓரங்களில் இருந்தார்கள்,
எனக்கு இப்போது தெரியும்.

அலமாரியில் அவளுடையவை மட்டும்
மற்றவற்றைவிட இரண்டு விரல் ஒல்லி.
தணிக்கைக்கு வந்தவர் ஒன்றை உருவி,
விளிம்பைத் தடவிப் பார்த்து, என்ன இது என்றார்.

எலி, என்றேன்.