அபே

கலெக்டர் ஆபீஸில் கூட்டம் வைக்கவில்லை.
அங்கே வைத்தால் அது பேச்சுவார்த்தை ஆகிவிடுமாம்.
நாகப்பட்டினம், கடுவையாற்று முகத்துவாரம்,
ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால் ஒரு மண்டபத்தின் பந்தி அறை.
டெல்லிக்காரர் கட்டம்போட்ட சட்டையில்
"நான் வரவே இல்லை" என்று சொல்லிவிட்டு
கை கழுவும் குழாயோரம் நாற்காலி போட்டுக்கொண்டார்.

நாலு சுற்று மந்திரிகள் பேசியும் நகராத கோப்பை
நகர்த்த வந்திருந்தார்கள்
பங்குத்தந்தை சூசைமாணிக்கம்,
நாகூரிலிருந்து மெய்தீன் லெப்பை,
ஆதீனத்துக் காரியஸ்தர்,
எதிரே, அக்கரையின் சுமனவன்ச தேரர்.
உச்சிப் பொழுதுக்குமேல் அவர் உண்ணமாட்டார் என்பதால்
பதினொன்றுக்கே எல்லோருக்கும் இலை போட்டாயிற்று.
ஒருமனதாக முடிவானது அது ஒன்றுதான்.

நான் மொழிபெயர்ப்பாளன்.
படித்த இடம் அநுராதபுரம் சிறை, பதினோரு மாதம்.
முதல் பாடம் வத்துர, தண்ணீர்.
கெதர என்றால் வீடு என்பதைக் கடைசியில்தான் சொன்னார்கள்.

இங்கே ஒரு விகாரை இருந்ததாமே, எங்கே, என்றார் தேரர்.
யாருக்கும் தெரியவில்லை.
ஃபாதர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

பிறகு வலைக்கு வந்தார்.
இரவில் இழுவைமடி வருகிறது,
விடிந்தால் மிச்சம் கயிறு.
அபே தெல், என்றார்.

அபே.
அவர் மொழியில் ஒரே சொல்.
என் மொழியில் இரண்டு, ஒன்றை எடுத்தாக வேண்டும்.
'எங்க வலை' என்றால் மேசை நடுவே கடல் எல்லை.
'நம்ம வலை' என்றால்
அறுத்தவன் யாரென்று இந்தப் பக்கமும் பார்க்க வேண்டிவரும்.

அறுத்த படகில் நானும் போயிருக்கிறேன்.
ஒருமுறை மடியோடு சுருண்டு வந்தது பச்சை நைலான்;
மிதவையில் பெயிண்டால், தமிழில், ஒரு பெயர்:
செபமாலை.
வெட்டிக் கடலில் விட்டோம்.

"நம்ம வலை" என்றேன்.

லெப்பையின் தஸ்பீஹ் மணி நின்றது.
"சரியாத்தான் சொல்றியா தம்பி?" என்றார் காரியஸ்தர்.
குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் ஒன்பது பேர் வீடு வந்தார்கள்.
படகு வரவில்லை; மயிலிட்டியில் மழையில் உளுக்கிறது.
பேப்பரில் போட்டோ, 'மதத் தலைவர்களின் நல்லெண்ணம்'.
ஓரத்தில் கட்டம்போட்ட முழங்கை.

அடுத்த கூட்டம் மன்னாரில்.
வருகிறாயா என்று கேட்டார்கள்.
செபமாலை வருவாரா என்றேன்.
பட்டியலைப் புரட்டினார்கள்.
ஆயர் இருக்கிறார், குருக்கள் இருக்கிறார்,
மௌலவி, இரண்டு தேரர்கள்.

வலைக்காரன் யாரும் இல்லை.
அந்தப் பக்கமும்.