நீக்கவா?

நாலு பத்துக்கு மின்னஞ்சல் வந்தது.
ஸ்காபரோவில், லாரன்ஸ் கிழக்கு பஸ்ஸுக்குள்
நின்றபடி வாசித்தாளாம் ஆரபி.
வீட்டுக்கு வந்து சப்பாத்தும் கழற்றாமல்
ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
கண்ணாடி போடாத எனக்கு
மேலே இருந்த ஒரு சொல் மட்டும் பெரிதாய்த் தெரிந்தது.
அது போதும்.

மார்ச் மாதம். வாசலில் உப்பில் கரைந்த பனிச்சேறு.
அவள் கத்தவில்லை, துள்ளவில்லை.
ஃபிரிஜ்ஜைத் திறந்து
நேற்றைய புட்டை நின்றபடியே தின்றாள்.
"ஆருக்குச் சொன்னனீ?"
"பன்னிரண்டு பேருக்கு."
பச்சை வட்டத்துக்குள் போட்டாளாம்,
நாளைக்கு இந்நேரம் தானாய் மறைந்துவிடுமாம்.
மறைந்துபோகிற சந்தோசம்
என்ன சந்தோசமோ.

அவள் குளிக்கப் போன நேரம்
நான் போட்டேன்.
என்ர பிள்ளை. தாதியியல். நாலு வருசம்.
பத்தாம் வகுப்பில் எடுத்த படம்,
பக்கத்தில் மூன்று ரோசாப்பூ, ஒரு கைகூப்பு.
அவசரத்தில் ஒரு சுழி கூடி
அனுமதி
அணுமதியாகிப் போனதைப் பார்க்கவில்லை.

ஒஸ்லோவில் படுக்கப் போன மச்சாள்
எழும்பிவந்து இதயம் போட்டாள்.
மெல்பேர்னில் விடிந்திருந்தது.
கோப்பாயில் இரவு இரண்டு மணிக்கும்
ஆரோ முழித்துத்தான் இருந்தார்கள்.
"டொக்டருக்குக் கிடைக்கேல்லையோ?"
என்றும் ஒருவர். அவரை எனக்குத் தெரியாது.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
என் கலியாணத்துக்கு வந்தது அறுபது,
அதிலும் பாதி
ஊரடங்குக்கு முன் சாப்பிடாமல் ஓடினது.

ஈரத்தலையோடு வந்தாள்.
"அம்மா, அழியுங்கோ."
"ஏன்?"
"மிதுஷாவுக்கு ரெண்டு மணிக்கே வந்திட்டுது.
இல்லையெண்டு."

நாலாம் வகுப்பிலிருந்து ஒரே பஸ்,
ஒரே கணக்கு வாத்தியார்,
மாறி மாறிப் போட்ட ஒரே நீலக் குளிரங்கி.
அந்தப் பன்னிரண்டுக்குள்
மிதுஷா இல்லை.

நீக்கவா? என்று கேட்டது ஃபோன்.
நீக்கினால் திரும்பக் கிடைக்காது என்றது.
என்னவோ நான்தான்
பிள்ளையின் இடத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல்
பெருவிரல் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது.

அடுத்த நாள் அதிகாலை வேலை.
விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் குளிர்க்கூடம்.
நான் பாண் வைப்பேன்,
பக்கத்தில் நின்று
மிதுஷாவின் தாய் பவளராணி வெண்ணெய் வைப்பாள்.
ஆறு வருசம் இப்படித்தான்.
கதைத்துக்கொண்டே வைப்போம்,
மருமக்கள், வாடகை, முழங்கால் நோ.
அன்றைக்கு அவள் வெண்ணெய் மட்டும் வைத்தாள்.

எட்டு மணிக்கு ஃபிராங்பேர்ட் விமானத்தின் தட்டுகள்
பட்டியில் வரத் தொடங்கினபோது
என்னைப் பார்க்காமல் கேட்டாள்:
"ஏன் அழிச்சனீ?"

நான் வாய் திறக்க முதல்,
"முதல் இதயம் போட்டது நான்.
வேலை முடிஞ்சு பஸ்ஸுக்குள்ள இருந்து.
வீட்ட போய் மிதுஷாவுக்குக் காட்டுவமெண்டு பார்த்தன்,
இல்லை.
என்ர கண் பட்டிடும் எண்டோ?"

இல்லையடி என்று சொல்லத் தெரிந்தது.
அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது
தெரியவில்லை.
உன் பிள்ளை அழுவாள் என்று அழித்தேன் என்றால்
அது இன்னும் கேவலமாய் இருந்தது.

பட்டி நிற்காது.
பாணில்லாமல் ஒரு தட்டு என்னைக் கடந்து போக
அவள் எட்டி என் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து
அதில் வைத்தாள்.
பிறகு தன் வெண்ணெயையும்.

"அணுமதி எண்டெல்லோ எழுதியிருந்தனீ,"
என்றாள்.
"அதைத் திருத்திப்போட்டு
விட்டிருக்கலாம்."

முகக்கவசத்துக்கு மேலே
கண்கள் மட்டும்.
அடுத்த தட்டு வந்தது.