ஏழு மீட்டர்

கராஜ் சுவரில் சாக்கட்டியால்
கோல் வரைந்தவன் நான்.
மூன்று மீட்டர் அகலத்துக்குத் தகரக் கதவு போதவில்லை,
ஓரச் சுவரிலும் கொஞ்சம் இழுத்தேன்.
அங்கிருந்து ஏழு மீட்டர் அளந்தால்
கழிவுத் தொட்டியின் சிமென்ட் மூடி.
அதன்மேல் நின்றுதான் எறிவேன்.

நீ குறுக்கே வந்து நின்றாய்,
ஒன்பது வயது, என் பழைய சட்டை
முழங்காலைத் தொட.
யாரும் கூப்பிடவில்லை.
எனக்கு வேண்டியிருந்தது ஒரு தடுப்பு, சோலேன்.
தங்கை என்றெல்லாம் அப்போது நினைத்ததாக ஞாபகமில்லை.

ஜிம்னாசியத்தின் கண்ணாடிக் கதவில்
பட்டியல் ஒட்டிய அன்று
பதினாறு பேர். மூன்று முறை படித்தேன்.
வீட்டுக்கு வந்து
இருட்டும்வரை எறிந்தேன்.
கோலுக்கு அல்ல.
ஒன்று உன் வாயில் பட்டது.
படியில் விழுந்தேன் என்று அம்மாவிடம் சொன்னாய்,
முன்பல்லின் முனையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு.
மறுநாள் நாலரைக்கு
சுவரின் முன் வந்து
கைகளை விரித்தாய்.
கண்ணை மூடவில்லை.
அதற்குப் பிறகு என்றுமே மூடவில்லை.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
கரும்பு லாரியை நிறுத்திவிட்டு
கைகழுவாமல் மேட்ச்சுக்கு வருவார்.
சேன் தெனியிலிருந்து சேன் ஆந்த்ரே வரை
என் ஒவ்வொரு எறிதலையும்
ஸ்டீயரிங்கில் தட்டித் தட்டிப் பிரித்துப் போட்டார்:
மணிக்கட்டு, தோள், ஏன் அப்போது பாஸ் கொடுத்தாய்.
என்னிடம் பேசிப் பேசிக் கெடுத்ததை
உன்னிடம் பேசாமல் திருத்திக்கொண்டார்.
நீ இருபத்தொன்பது கோல் வாங்கிய இரவில்
வழி முழுக்க டயர் விலை சொன்னார்.
பின் சீட்டில் நீ தூங்கிப்போனாய்.
முன் சீட்டில் நான்
விழித்துக்கொண்டே வந்தேன்.

மூத்த பிள்ளை என்பது
முதலில் சுட்ட தோசை.
கல் பதம் பார்க்க.

அம்மா ஒரு மேட்ச்சும் பார்த்ததில்லை.
பழைய மெத்தையை அறுத்து
உன் பேன்ட் முட்டியில் பஞ்சு வைத்துத் தைத்தவள்
காருக்குள் உட்கார்ந்திருப்பாள்,
கூரையிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டபடி.
"ஒரு இடி, அப்புறம் ஆவென்று ஒரு மூச்சு.
அப்படின்னா அவள் பிடிச்சுட்டாள்."
ஸ்கோர் எங்களுக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

நேற்று இரவு டிவியில் உன்னைக் காட்டினார்கள்.
அங்கே பனி, உன் கன்னம் சிவந்திருந்தது.
ஏழு மீட்டர் எறிதல்.
வலது மேல் மூலையில் காலைத் தூக்கி
பந்தை அறைந்து தள்ளினாய்.
"பிறவியிலேயே வந்தது" என்றான் வர்ணனையாளன்.
அப்பா என்னைப் பார்த்தார்.
நான் சுண்டலைப் பார்த்தேன்.

ஆனால் இரண்டாவது பாதியில்
அந்த நெட்டைப் பெண்
மூன்று முறை ஒரே இடத்தில் போட்டாள்,
இடது காலருகே, கீழே.
மூன்று முறையும் நீ தாமதம்.
உன் பயிற்சியாளருக்குக் காரணம் தெரியாது.
எனக்குத் தெரியும்.
அந்த மூலையில் தண்ணீர்க் குழாய் இருந்தது.
உடைந்தால் அப்பாவின் பெல்ட்.
எட்டு வருடம்
அந்தப் பக்கம் நான் ஒரு பந்துகூட எறியவில்லை.

இன்று ஆலையில் லீவு சொல்லிவிட்டு
குழாயை வெட்டி
சமையலறைப் பக்கம் மாற்றினேன்.
மூட்டில் இன்னும் கசிகிறது, அம்மா திட்டுகிறாள்.
டிசம்பரில் லிச்சி பழுக்கும்போது வருவாய்தானே?
சாக்கட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.
தோள் வலிக்கிறது, முன்போல் வேகமில்லை.
இருந்தாலும்
கீழே, இடதுபக்கம்,
நூறு பந்தாவது எறிவேன்.

பல்லைப் பற்றி
அப்போது கேட்கிறேன்.