துண்டுக்கடியில் விரல்கள்

மதுரையில் அந்தப் பெண் டாக்டர்
மேசை நாட்காட்டியைத் திருப்பி
முதுகில் வரைந்து காட்டினாள்:
ஒரு வட்டம், அதன்மேல் சின்னச் சின்ன முட்கள்.
கடல் முள்ளெலி மாதிரி இருந்தது. நான் சொல்லவில்லை.
"இதுதான் டி செல். கண் கிடையாது, காது கிடையாது.
தொட்டுத்தான் தெரிந்துகொள்ளும்."

எனக்கு மாட்டுச்சந்தைத் தரகர்கள் ஞாபகம் வந்தார்கள்.
மேலே வெயில், ஊர்வம்பு, வெற்றிலைச் சிரிப்பு.
துண்டுக்கடியில்
விரல் விரலைப் பிடித்து
விலை கேட்டுக்கொண்டிருக்கும்.

தம்பி சந்தியாகு,
உனக்குள் என் இடது கிட்னி இருக்கிறது.
ஆறு அடையாளத்தில் மூன்று நமக்கு ஒன்று.
அப்பா தந்ததில் நமக்குள் பேதமில்லை,
அம்மா தந்ததில்தான் நீ வேறு, நான் வேறு.
ஒவ்வொரு செல்லும்
தன் அணியத்தில் எண் எழுதி வைத்திருக்குமாம்,
நம் படகின் பச்சைப் பெயிண்ட்மேல்
டி.என். பத்து என்று எழுதியிருக்கிற மாதிரி.
உன் ரத்தத்தின் ரோந்துக்காரர்கள்
என் அணியத்தைத் தடவித் தடவி வாசிக்கிறார்கள்.
பாதி எழுத்துக் கூடுகிறது.
மீதியில் விரல் இடறுகிறது.

இடறினால் மட்டும் சண்டை வராது என்றாள் டாக்டர்.
பக்கத்தில் இன்னொரு புரதம் உண்டு,
இருபத்தெட்டு என்று அதற்கு நம்பர்.
அதுவும் எதிராளியின் கையைப் பிடிக்க வேண்டும்.
'ஆமாம், ஆபத்துதான்' என்று
அந்தப் பிடி சொல்ல வேண்டும்.
இரண்டாம் பிடி கிடைக்காத செல்
கேட்டதைக் கேளாததுபோல் அடங்கிப்போகும்,
பிறகு உலுக்கினாலும் லேசில் எழாது.
எனக்கு அந்தச் செல்லைப் பிடித்துப்போனது.
தங்கச்சிமடம் கெபியில்
அதன் பேரிலும் ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன்.
யாருக்கு என்று கேட்ட உபதேசியாரிடம்
தூரத்துச் சொந்தம் என்றேன்.

காலை எட்டு, இரவு எட்டு, உன் மாத்திரை.
விரல்கள் தொடட்டும், இடறட்டும்;
சேதி உள்ளே போகிற வழியில்
மாத்திரை மறித்து நிற்கும்.
நாலு வருஷம் நின்றது.

ஒரு ராத்திரித் தொழில் என்றுதான் போனாய்.
ஷாஃப்ட் உடைந்தது.
கச்சான் உங்களை வடகிழக்கே தள்ளிக்கொண்டு போனது.
மூன்று நாள்.
உன் தூக்குவாளியில் இரண்டு வேளை மாத்திரை.
கரையில் எல்லோரும் படகைத் தேடினார்கள்,
மைக்கில் பேர் சொன்னார்கள், டீசல் வசூலித்தார்கள்.
நான் எட்டு மணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஆறு. தவறியது நாலு.

மண்டபத்துப் படகொன்று உங்களைக் கட்டி இழுத்து வந்தபோது
இமையில் உப்புப் பூத்து நீ சிரித்தாய்.
மாலை போட்டார்கள். செல்போனில் படமெடுத்தார்கள்.
ஐந்தாம் நாள் கால் வீங்கியது.
கிரியேட்டினின் ஒன்று புள்ளி மூன்றிலிருந்து
இரண்டு புள்ளி ஒன்று.
ஊசிவிட்டு எடுத்த சதைத்துணுக்கைப் பார்த்து
கூட்டம் கூடிவிட்டது என்றாள் டாக்டர்.
அந்த இருபத்தெட்டு கை குலுக்கிவிட்டிருந்தது.

கூட்டத்தாரே, உங்களிடம் எனக்குக் கோபமில்லை.
ஆறு வயதில் இவனுக்கு அம்மை வார்த்தபோது
உயிரைப் பிடித்து நிறுத்தியது நீங்கள்தான்,
நேர்ந்த நேர்ச்சை எல்லாம் பிறகு.
நான்தான் டோக்கன் இல்லாமல் உள்ளே வந்த படகு.
ஆனால் நாலு வருஷமாய்
இவன் மூத்திரத்தை நான்தான் வடிக்கிறேன்.
அதையும் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.

மூன்று நாள் ஸ்டீராய்டு ஏறுகிறது, சொட்டுச் சொட்டாக.
நாளை காலை ரத்தம் எடுப்பார்கள்.
ஃபேன் சத்தம். பக்கத்துப் படுக்கையில் யாரோ
ராமநாதபுரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்.
போர்வைக்கடியில் உன் கை நகர்ந்து வந்து
என் விரல் இரண்டைப் பிடிக்கிறது.
என்ன விலை என்று எனக்குத் தெரியவில்லை.
இரண்டு டீயாகவும் இருக்கலாம்.