சும்மா

காதுக்குள் பச்சை குத்திய எண் நாற்பத்தொன்று.
லூதியானாவில் ஓடி முடித்ததை
லாரி கேபினில் உட்காரவைத்து
கொருக்குப்பேட்டைக்குக் கூட்டிவந்தார் தேசப்பன்.

தாளில் இருந்த பெயர் புல்லட்.
கூப்பிட்டால் தொடை நடுங்கியது,
விட்டுவிட்டோம்.
மெர்சி ஜானி என்றாள், மாடிவீட்டுப் பையன் ஏதோ ஜப்பான் பெயர்.
திரும்பவே இல்லை.

ரயில்வே கேட் தூக்கும்போது மட்டும்
விறைத்து எழும்.
ஆட்டோ, பைக், தண்ணி லாரி எல்லாம் பாய,
நானும் ஓடணுமா என்று
எங்கள் முகத்தைப் பார்க்கும்.

பால் பாக்கெட் போடவந்த குமுதவல்லி கேட்டாள்:
"இன்னாக்கா பண்ணுது இது?"
"சும்மா கீது."

ஒரு காது எழுந்தது.

இன்னொரு தரம் சொன்னேன், மெதுவாக.
வந்து
மொத்த எலும்பையும் என் முழங்காலில் சாய்த்தது.

லைசென்ஸ் எழுதிய கார்ப்பரேஷன்காரர்தான்
பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"பேரு கேட்டா
சும்மான்றீங்க?"