மூன்றடி பின்னே

மூன்று நாற்பதுக்கு விசில்.
முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு
நாங்கள் நிழலுக்கு வருவோம்.
நப்தலி மட்டும் துப்புரவாக்கிய பாதைக்குள்ளேயே நிற்பார்.
ஒரு மீற்றர் அகலம். இரு பக்கமும் சிவப்புத் தடி.
மூன்றடி பின்னே வைப்பார், மூன்றடி முன்னே,
பிறகு இரு பாதங்களையும் ஒட்டி
ஒற்றைக் கால்போல நிற்பார்.

முதல் நாள் சுகந்தினி கத்தியேவிட்டாள்.
அம்பகாமத்தில் பின்பக்கமாக நடக்கிற மனிசரை
அதுவரை ஒருவரும் கண்டதில்லை.

மாங்குளம் பக்கம், கொஞ்சம் வடக்காக.
ஜிபிஎஸ்ஸில் பார்த்துத்தான் திசை பிடித்தார்.
அங்க என்ன இருக்கு?
கோயில்.
எப்ப கட்டினது?
இடிச்சு ரெண்டாயிரம் வருசமாகப் போகுது, என்றார்
பாதி இங்கிலிசிலும் பாதி கையாலும்.

பின்னேரப் பலி ஏறுகிற நேரத்துக்குப் பின்னேரச் செபம்.
ஆட்டுக்குட்டி இல்லை, பீடம் இல்லை.
மாவு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு,
இரத்தம் எந்த மூலையில் என்று
காலையில் வரிவரியாக வாசிப்பாராம்.
வாசித்தால் செலுத்தின கணக்கு.

தகப்பன் செத்து எட்டு மாதம்.
அதற்கு ஒரு செபம் இருக்கிறது, அவரின் ஆட்கள் பத்துப்பேர் கூடவேணும்.
எங்கள் அணியும் பத்துப்பேர்தானே என்று
விரல்விட்டு எண்ணிக்காட்டினேன்.
சிரித்தார். ஆட்களை எண்ணவும் கூடாதாம்.
அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வார்.
எவ்வளவு நேரம் மூடியிருப்பார் என்று
எனக்கு இப்போது மனப்பாடம்.

எங்கள் பாலையடி அம்மன்
தடிக்கு அங்கால், நாநூறு மீற்றர்.
தம்பி வந்தால் வளந்து வைத்துப் பொங்குவதாக அம்மாவின் நேர்த்தி.
வந்தான், ஒரு காலோடு.
அரைவாசி வந்ததுக்கு முழுப் பொங்கலா என்று
அம்மா கேட்கவில்லை. கடன் கடன்தான்.
முகாமில், வைகாசித் திங்கள்,
கூடாரத்துக்குப் பின்னால் குந்தியிருந்து
ஒவ்வொரு பண்டமாகச் சொல்லிச் சொல்லி
ஒவ்வொரு கல்லாக மடை பரவினா.
பச்சையரிசி ஒரு கல். தேங்காய் ஒரு கல்.

தேங்காய்க்குப் பிறகு என்ன? என்றார் நப்தலி.
எனக்கு வரவில்லை.
அவர் முகம் இறுகிப்போனது, நான் எதையோ
கிணற்றுக்குள் விழுத்திவிட்டதுபோல.

ஒருநாள் வீட்டுக்கு வந்தார், கிளாசில் பிளேன்ரீ குடிக்க.
வாசலுக்கு நேரே உள்சுவர், பூசாத கல்.
அப்படியே நின்றுவிட்டார்.
நீங்களும் விடுவீங்களா?
புதுவீடு கட்டினால் ஒரு முழம் பூசாமல் விடுவார்களாம்,
இடிந்தது கண்ணில் படட்டும் என்று.
சீமெந்து முடிஞ்சுது தம்பி, என்றா அம்மா.

ஆவணியில் கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.
அத்திவாரம், பாலையின் அடிமரம்,
மூன்று மிதிவெடி, சூலத்தில் ஒரு முனை.
அதற்குள் நப்தலி அங்கோலாவுக்குப் போயிருந்தார்.
மூன்று நாற்பதுக்கு விசில் அடித்தது.
நான் தண்ணீருக்கு வரவில்லை.
பச்சையரிசி. தேங்காய். பாக்கு, வெற்றிலை, பாளை.
அம்மாவிடம் கேட்டுப் பாடமாக்கியிருந்தேன்.
பின்னே ஒரு அடி வைக்கத்தான் துணியவில்லை.

தை மாதம் சீமெந்து வந்தது.
எவ்வளவு விடவேணும் என்று மேசன் கேட்டான்.
முழங்கையைச் சுவரில் ஊன்றிக்
கையை நீட்டிக் காட்டினேன்.
விசர் என்று நினைத்திருப்பான்.
காசு மட்டும் முழுச் சுவருக்கும் வாங்கினான்.